எட்டுக்குப் பத்து அறையில் கைக்குழந்தைக்கு ஓர் இடம்

சென்னையில் இரண்டு படுக்கையறை வீடு என்று வாடகைக்குக் கிடைப்பவற்றில் பலவற்றின் இரண்டாவது அறை எட்டடிக்குப் பத்தடிதான். அதிலும் ஏற்கெனவே ஒரு கட்டில், ஒரு பீரோ, தலைக்கு மேல் ஒரு லாஃப்ட். குழந்தை வரப்போகிறது என்றதும் என்னென்ன வாங்கலாம் என்று பட்டியல் போட ஆரம்பித்தால், வாங்கியது எல்லாம் உள்ளே போகும், தாய் கட்டிலிலிருந்து இறங்க வழியிருக்காது. பட்டியலை ஒதுக்கி வையுங்கள். குழந்தை படுக்கப்போகும் எட்டுச் சதுர அடி எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மிச்சமுள்ள இடத்தில்தான் மற்ற பொருள்கள்.

ஒரு சாக்பீஸும் டேப்பும் போதும். எங்கே படுக்கக்கூடாதோ அந்த இடங்களைத் தரையில் முதலில் கோடு போட்டு ஒதுக்குங்கள். லாஃப்டுக்கு நேர் கீழே வேண்டாம். சூட்கேஸும் வெண்கலப் பானையும் என்றைக்கு நழுவும் என்று சொல்ல முடியாது. ஏசிக்கு நேர் கீழே வேண்டாம். குளிர்காற்று நேராக இறங்கும், வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் சொட்டும். ஜன்னலை ஒட்டி வேண்டாம். திரைச்சீலைக் கயிறும் மழைச்சாரலும் கைக்கெட்டும். மேற்குச் சுவரை ஒட்டி வேண்டாம். மார்ச் முதல் ஜூன் வரை பகலெல்லாம் வெயில் குடித்த சுவர், இருட்டிய பிறகும் பல மணி நேரம் சூட்டைக் கக்கும். கட்டில் பக்கத்து சுவிட்ச் போர்டுக்கு அருகே வேண்டாம். சார்ஜர் வயர் தொட்டிலுக்குள் விழும். இத்தனையும் கழித்தால் பெரும்பாலான அறைகளில் ஒரே ஓர் இடம்தான் மிஞ்சும்.

இப்போது கட்டில் கணக்கு. குயின் சைஸ் கட்டில் ஐந்தடிக்கு ஆறரை அடி. அதன் தலைமாட்டை எட்டடிச் சுவரிலும், ஒரு பக்கத்தைப் பத்தடிச் சுவரிலும் ஒட்டிப் போட்டால், மறுபக்கம் மூன்றடி, கால்மாட்டில் மூன்றரை அடி மிஞ்சும். 120 செ.மீ.க்கு 60 செ.மீ. மெத்தை கொண்ட தொட்டிலின் வெளியளவு சுமார் நான்கடி இரண்டு அங்குலத்துக்கு இரண்டடி இரண்டு அங்குலம். அதைக் கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் ஒட்டி வைத்தால், தாய் இறங்க கால்மாட்டுப் பக்கம் இரண்டடி நான்கு அங்குலம் இருக்கும். இரவில் எழுந்து போக அது போதும். தொட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே வரும் பத்து அங்குலத்தை அப்படியே விட்டுவிடுங்கள். காற்றுக்கு அது வேண்டும். அதில் பொம்மையோ தலையணையோ திணிக்காதீர்கள்.

மூன்றடிக்கு இரண்டடி சிறிய தொட்டில் இன்னும் வசதி. ஐந்தாறு மாதம் வரை தாராளமாக ஓடும். ஆனால் இந்த அறையில் இடத்தைத் தின்பது தொட்டில் இல்லை, கட்டில்தான். அதை விற்றுவிட்டு நான்கடி அகலக் கட்டில் போட முடிந்தால் ஒரு முழு அடி கிடைக்கும். அந்த ஓர் அடிக்காக நான் எதையும் விட்டுக்கொடுப்பேன். பாய், மெத்தை என்று தரையில் படுக்கிற வீடாக இருந்தால் கவலையே இல்லை. தரைத்தளமாக இருந்தால் மட்டும் மழைக்காலத்தில் எறும்பும் பூரானும் வரும். அங்கே குழந்தைக்குக் கால் வைத்த தொட்டில்தான் சரி.

தொட்டில் வாங்கும்போது கம்பிகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். ஆறு செ.மீ.க்கு மேல் இருந்தால் குழந்தையின் உடல் உள்ளே நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக்கூடாது. மெத்தையை உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள்; கைத்தடம் நின்றால் அது குழந்தைக்கு ஆகாது. இலவம்பஞ்சு மெத்தை பெரியவர்களுக்கு அருமையான படுக்கை. ஆனால் ஒரு வயதுக்குள் வேண்டாம்: குழந்தை குப்புற விழுந்தால் மூக்கு அமுங்கும், அதைத் திருப்பிக்கொள்ளும் கழுத்து வலு முதல் மாதங்களில் இருக்காது. மெத்தை மேல் இறுக்கமாக விரித்த ஒரு பருத்தித் துணி, அதற்கு அடியில் ரப்பர் ஷீட். அவ்வளவுதான். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள், இரவிலும் பகலிலும்.

கடுகுத் தலையணை, இரண்டு பக்கமும் வைக்கும் உருட்டுத் தலையணை, மேலே போர்த்தும் பாட்டியின் புடவை, இவை மூன்றையும் எடுத்துவிடச் சொன்னால் வீட்டில் பேச்சு வரும். தலை உருண்டையாக வர வேண்டும் என்ற அக்கறையில்தான் கடுகுத் தலையணை வைக்கிறார்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது. ஒரு நாள் தலை கிழக்கே, மறுநாள் மேற்கே என்று படுக்கும் திசையை மாற்றுங்கள். குழந்தை விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள். பெரியவர்களிடம் இதைச் சண்டையாக ஆக்காமல், "தூங்கும்போது மட்டும் வேண்டாம் அம்மா, மூச்சுக்குத் தடையாகும்னு டாக்டர் சொன்னாங்க" என்று சொன்னால் எடுபடும்.

குழந்தையைத் தாயின் பக்கத்திலேயே கட்டிலில் படுக்க வைப்பது நம் வீடுகளில் வழக்கம். தனித் தொட்டில் அதைவிடப் பாதுகாப்பானது. ஆனாலும் அப்படித்தான் படுக்கப்போகிறது என்றால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் மூன்று நான்கு அங்குலச் சந்துதான் முதல் ஆபத்து. மெத்தை நகர்ந்து குழந்தை அதில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். தலையணையை அதில் சொருகி அடைப்பது சரியான வழி இல்லை; நள்ளிரவில் அது அமுங்கிவிடும். கட்டிலைச் சுவரோடு ஒட்டவே ஒட்டுங்கள், அல்லது நன்றாக நகர்த்தி வையுங்கள். தந்தைக்கும் தாய்க்கும் நடுவில் படுக்க வைக்காதீர்கள். புகை பிடிப்பவரோ குடித்தவரோ அந்தக் கட்டிலில் படுக்கக்கூடாது.

தூளிக்கு வருவோம். தமிழ்நாட்டில் குழந்தை உள்ள வீட்டில் தூளி இல்லாமல் இருக்காது. சின்ன அறைக்கு அதைவிட நல்ல சாமானும் இல்லை. வேலை முடிந்ததும் சுருட்டிக் கொக்கியில் மாட்டிவிட்டால் தரையில் இடமே பிடிக்காது. ஆனால் தூளியில் முதுகு வளையும், முகவாய் நெஞ்சில் ஒட்டும், பிறந்த குழந்தைக்கு மூச்சுப்பாதை சுருங்கும். ஆகவே தூளி தூங்க வைக்கத்தான், அதிலேயே தூங்க விட்டுவிட இல்லை. கண் அயர்ந்ததும் எடுத்துத் தட்டையான தொட்டிலில் கிடத்த வேண்டும். தூளியில் இருக்கும்வரை ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்காமல் தூளியே வேண்டாம்.

எங்கே மாட்டுவது? ஃபேன் தொங்கும் கொக்கியில் எக்காரணம் கொண்டும் மாட்டாதீர்கள். எட்டுக்குப் பத்து அறையின் நடுவில் 48 அங்குல ஃபேன் இருந்தால், இறக்கையின் நுனி எட்டடிச் சுவரிலிருந்து மூன்றடியில் சுற்றும். தூளிக் கொக்கி அந்தச் சுவரிலிருந்து ஒன்றரை அடியில் இருந்து, சுவருக்கு இணையாக ஆட்டினால்தான் ஓரளவு தப்பும். அந்த இடத்தில் பீரோ நிற்கும். அதனால் என் யோசனை: தொட்டில் அறையில், தூளி ஹாலில். பல பழைய அடுக்குமாடிகளில் ஹால் தளத்திலேயே ஊஞ்சல் கொக்கி வைத்துக் கட்டியிருப்பார்கள். கான்கிரீட் போடும்போதே கம்பியோடு சேர்த்துப் பதித்த அந்தக் கொக்கியைப் போல உறுதியானது வேறில்லை. பெயின்ட்டைச் சுரண்டி துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் மாதிரி கடலோரப் பகுதிகளில் இது கட்டாயம்.

கொக்கி இல்லையா? கான்கிரீட் தளமாக இருந்தால் வளையத்தோடு வரும் ஆங்கர் போல்ட், 10 அல்லது 12 மி.மீ., இரண்டு வாங்குங்கள். ஓரடி தள்ளித் தள்ளிப் போட்டு, இரண்டையும் ஒரு சங்கிலியால் இணைத்துவிட்டால் ஒன்று கழன்றாலும் மற்றது தாங்கும். சுவரில் படம் மாட்டப் போடுகிற பிளாஸ்டிக் பிளக்கைத் தளத்தில் போட்டு அதில் குழந்தையைத் தொங்கவிடுவது பெரும் விபரீதம். ஃபேன் பெட்டியிலிருந்து சுவிட்ச் போர்டு வரை தளத்துக்குள் வயர் குழாய் ஓடும். அந்தக் கோட்டில் துளை போடக்கூடாது. லாஃப்ட் பலகை மெலிசானது, அதில் எதையும் தொங்கவிடாதீர்கள். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் கொக்கி போட்டால் அட்டையோடு இறங்கிவிடும். அதைத் துளைத்துக்கொண்டு மேலே உள்ள கான்கிரீட் வரை போக வேண்டும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் இன்னும் மிச்சமிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், செங்கலும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த தளத்தில் துளை போட்டால் உதிரும். மர உத்திரத்தில்தான் மாட்ட வேண்டும். அதற்கு முன் உத்திரத்தை ஸ்க்ரூடிரைவரால் ஆங்காங்கே குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் கரையான் வேலை முடித்துவிட்டது என்று அர்த்தம்.

மாட்டிய பிறகு குழந்தைக்கு முன்னால் அரிசி மூட்டை ஏற வேண்டும். 25 கிலோ மூட்டை இரண்டைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள், நடுநடுவே ஆட்டுங்கள். பத்து கிலோ குழந்தைக்கு எதற்கு ஐம்பது கிலோ என்று கேட்கலாம். ஆடும்போது இழுவை கூடும். மூத்த பிள்ளை ஒரு நாள் தூளியைப் பிடித்துத் தொங்கும். எழுந்திருக்கும் தாத்தா அதில் கை ஊன்றுவார். இதெல்லாம் நடக்கும்.

ஸ்பிரிங் போடுவதாக இருந்தால், நடுவில் பாதுகாப்புக் கயிறோ சங்கிலியோ ஓடும் வகையை வாங்குங்கள்; ஸ்பிரிங் அறுந்தாலும் தூளி கீழே வராது. 'எஸ்' வடிவக் கொக்கி ஆட ஆட விரிந்துகொள்ளும், அதற்குப் பதில் திருகி மூடும் வளையம். உரசும் இடத்தில் மாதம் ஒருமுறை தேய்மானம் பாருங்கள். துணி, நன்றாகத் துவைத்து மெத்தென்றான பருத்திப் புடவை. நைலக்ஸும் பட்டும் முடிச்சில் வழுக்கும். இரண்டு பக்கத் துணியையும் விரித்துப் பிடிக்கும் மரக்கட்டை இல்லாமல் தூளி கட்டாதீர்கள், துணி ஒட்டிக்கொண்டால் உள்ளே காற்றில்லை. தூளியின் அடி தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போக வேண்டாம், கீழே தடித்த ஜமக்காளம் விரித்திருக்கட்டும். கழுத்தில் கறுப்புக் கயிறோ பாசிமணியோ போட்டிருந்தால், தூளியிலும் தொட்டிலிலும் விடும்போது கழற்றிவிடுங்கள்.

காற்று பற்றி. சென்னையில் கோடை மதியம் கடலிலிருந்து காற்று வரும், கிழக்கு, தென்கிழக்கு ஜன்னல்களைத் திறந்து எதிர்ப்பக்கக் கதவையும் திறந்துவிட்டால் அறையின் சூடு இறங்கும். ஈரத் திரை கட்டுவது, ஏர் கூலர் வைப்பது இரண்டும் இங்கே பயனில்லை. ஏற்கெனவே காற்றில் ஈரம் மிகுந்த ஊரில் இன்னும் ஈரத்தைச் சேர்த்தால் வியர்வை ஆறாது, குழந்தைக்கு வியர்க்குரு வரும். கூலர் தொட்டியில் டெங்கு கொசு வேறு முட்டையிடும். ஏசி இருந்தால் 26, 27 டிகிரியில் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். காற்றுத் தகட்டை மேல்நோக்கித் திருப்புங்கள். குழந்தைக்குக் குளிர்கிறதா என்று கை கால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, அவை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பின்கழுத்தையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். ஏசி ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.

இந்த அறையின் ஃபேன் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று இப்போதே மெயினை அணைத்துப் பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் ஹாலுக்கு மட்டும்தான் கொடுத்திருப்பார்கள்.

டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. இரவில் மட்டும் வலை போட்டால் பாதிப் பாதுகாப்புதான். ஜன்னலுக்கு வெல்க்ரோ ஒட்டிய கொசுவலை, தொட்டிலுக்குக் குடை மாதிரி விரியும் வலை, இரண்டும் வேண்டும். குடை வலை குழந்தை புரளும் வரைதான். புரள ஆரம்பித்ததும் வலை முகத்தில் அழுந்தும், சட்டத்தில் கட்டும் வலைக்கு மாறிவிடுங்கள். எண்பது சதுர அடி அறையை மூடிக்கொண்டு கொசுவர்த்தி கொளுத்துவது அத்தனை புகையையும் அந்தச் சின்ன நுரையீரலுக்குள் அனுப்புவது. குளித்ததும் காட்டுகிற சாம்பிராணிக்கும் இதே கதிதான். ஆசையாக இருந்தால் ஹாலில், குழந்தை இல்லாதபோது. இரண்டு மாதம் ஆகாத குழந்தையின் தோலில் கொசுவிரட்டிக் களிம்பு எதுவும் தடவக்கூடாது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும், மணிபிளான்ட் பாட்டிலையும் வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவுங்கள். கொசு அங்கிருந்துதான் வருகிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு கணக்கு. பிறந்த குழந்தை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை துணி நனைக்கும். வெயில் காலத்தில் லங்கோடு 24 இருந்தால் ஓடும். அடைமழையில் ஒரு துணி காய இரண்டு நாள் ஆகும், 40 வேண்டும். அந்த ஈரத்துணியைக் குழந்தை படுக்கும் அறையிலேயே காயப்போட்டால் ஒரு வாரத்தில் பீரோவுக்குப் பின்சுவரில் பூஞ்சை பூக்கும். பால்கனியில் கயிறு இழுத்து மேலே ஏற்றும் துணிக்கம்பி போட்டுக்கொள்ளுங்கள், கடைசி ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் எடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். தரைத்தளக் குடித்தனக்காரர்கள் குழந்தையின் துணி, மருந்து, தடுப்பூசி அட்டை எதையும் அந்த மாதங்களில் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் ஏறிய வீடுகள் உண்டு.

வேலைகளை எப்போது செய்வது என்பதில் ஒரு சிக்கல். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது, பிறப்பதற்கு முன் குழந்தைக்கு எதுவும் வாங்கக்கூடாது என்று பல குடும்பங்களில் கட்டுப்பாடு. வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போய், மூன்றாவது அல்லது ஐந்தாவது மாதம் குழந்தையோடு திரும்பும் வழக்கம் உள்ள வீட்டில் அதுவே வசதி. தாயும் சேயும் இல்லாத அந்த இடைவெளியில் டிரில்லிங், பெயின்ட் எல்லாம் முடித்து மூன்று வாரம் ஜன்னலைத் திறந்து வைத்து வாசனை போக விடலாம். பிறந்ததும் தாய்வீட்டில் ஒரு தொட்டில், கொசுவலை, துணி போதும். எல்லாவற்றையும் இரண்டு வீட்டுக்கும் வாங்க வேண்டியதில்லை.

பெயின்ட் அடிப்பதில் ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல் கம்பி எனாமல்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூசி அறை முழுக்கப் படியும். பின்னால் தவழும் குழந்தை அதைத்தான் நக்கும். உரியாமல் நன்றாக இருந்தால் தேய்க்காமல் மேலேயே அடியுங்கள். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் தரையை இரண்டு முறை துடையுங்கள்.

சாமான் வைக்க இரண்டு இடம்தான் மிச்சம்: கட்டிலுக்கு அடியும் கதவுக்குப் பின்னும். கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த ஆறங்குல உயரப் பெட்டிகள். கதவுக்குப் பின்னால் துணிப்பைகள் தைத்த தொங்கல், அதில் லங்கோடு, துண்டு, குல்லா. எண்ணெய்ப் பாட்டிலும் மருந்தும் அதில் வேண்டாம், கதவு அடிக்கும்போது விழும். துணி மாற்றத் தனி மேசை எதற்கும் ஆகாது. இடமும் போகும், குழந்தையும் உருண்டு விழும். தரையில் இரண்டுக்கு மூன்றடி ரப்பர் ஷீட் விரித்தால் போதும். ஐந்தடுக்கு பிளாஸ்டிக் டிராயர் வாங்கினால் கனமானதை அடியில் வையுங்கள். அதையும் பீரோவையும் இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைத்து ஸ்க்ரூ அடித்துவிடுங்கள்; பீரோவுக்குப் பின்னால் அந்த மூன்று அங்குலம் அப்படியே இருக்கட்டும். பிடித்து நிற்கப் பழகும் குழந்தை கீழ் டிராயரை இழுத்து அதன்மேல் ஏறும், மேலே உள்ளது கவிழும். பீரோ சாவியைப் பூட்டிலேயே விட வேண்டாம்.

இரவு விளக்கு சீலிங்கில் இருந்தால் மல்லாந்து படுத்த குழந்தையின் கண்ணுக்கு நேராக விழும். தரையோரம் உள்ள பிளக்கில் சொருகும் அரை வாட் மஞ்சள் எல்இடி போதும், பால் கொடுக்கவும் துணி மாற்றவும் வெளிச்சம் தாராளம்.

குழந்தை கையூன்றி எழ முயலும் மாதத்தில் இந்த ஏற்பாட்டில் பாதி மாறும். தொட்டிலின் மெத்தைத் தட்டை அன்றே கீழே இறக்குங்கள், மேலே தொங்கும் பொம்மைகளை அவிழ்த்துவிடுங்கள், கைக்கெட்டும் பிளக்குகளுக்கு மூடி போடுங்கள். தூளியில் எழுந்து உட்காரத் தொடங்கியதும் சங்கிலியைக் கழற்றி லாஃப்டில் போட்டுவிடலாம். வளையம் அங்கேயே இருக்கட்டும்.